மடிப்புகள் உண்டா

மடிப்புகள் உண்டா என்று கேட்கிறான்
கோலாலம்பூரிலிருந்து வந்தவன்.
கையில் வெள்ளைக் கையுறை.
பிணவறையில்தான் அப்படியொன்றைக் கடைசியாகப் பார்த்தேன்.

உண்டு. எட்டாக மடித்து வந்தது,
சிரம்பான் பஸ்ஸில், படப்பெட்டியின் மேல்,
ஒரு கட்டுக் கருவாட்டுக்குப் பக்கத்தில்.
பகாவில் இறங்கும்போதே
அந்தப் பெண்ணின் தொடையில் எண்ணெய்க் கறை.

எந்த நாட்டுப் பெண்ணோ.
கண் இரண்டும் மஞ்சள். வாய் திறந்திருக்கும்.
புகை பாம்பாகி இடுப்பைச் சுற்றியிருக்கும்.
மண்டையோட்டின் பல்லிடுக்கில் ஊசி.
கீழே தமிழில் ஒட்டிய தனித்துண்டு:
'ஒரே ஒரு இழுப்பு!
பெற்றோர்களே, பிள்ளைகளோடு வந்து பாருங்கள்!'
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்,
பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்க்கு அனுமதியில்லை.

எச்சரிக்கை என்றுதான் பெயர்.
நான் டிக்கெட் கிழித்தவள். எனக்குத் தெரியும்
எச்சரிக்கையை யார் யார் எத்தனை முறை பார்த்தார்கள் என்று.
ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கிராணி
மூன்று ராத்திரி. மூன்றும் தனியாக.

படத்தில் அந்தப் பெண்ணே இல்லை.
ஒரு டாக்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து
பேசிக்கொண்டே இருந்தார்.
இடைவேளைக்குப் பிறகு திரையில்
ரப்பர் கொட்டைகள் சடசடவென்று விழுந்தன.
தவுக்கே ஃபூங் சிரித்தார்:
கொட்டை எறிந்தவனும் காசு கொடுத்துத்தானே உள்ளே வந்தான்.

அவர் அப்பா காலத்தில்
இதே கடைவரிசையில் அபினி விற்றார்களாம்,
சர்க்கார் முத்திரையோடு.
எதிரே எங்கள் காலத்துக் கள்ளுக்கடை.
நாலு மணிக்குக் கதவு திறக்கும்.
அதற்குப் போஸ்டர் கிடையாது.

ஒட்டினவன் என் தம்பி சன்னாசி.
மரவள்ளி மாவைக் காய்ச்சி, வாளியைச் சைக்கிளில் மாட்டி,
ரயில் நிலையம், மாட்டாஸ்பத்திரிச் சுவர், பிரட்டுக்களம்.
ஒரு போஸ்டருக்கு ஐந்து காசு.
மண்டையோட்டின் மூக்கைத் தட்டித் தட்டிக்
காற்றை வெளியேற்றுவான்.
'அக்கா, இது மனுசனுக்குப் போடுற ஊசியா?
மாட்டுக்குப் போடுறது.'

பத்து வருசம் கழித்து வந்தது
எந்தப் போஸ்டரிலும் இல்லாதது.
பாம்பு இல்லை. மஞ்சள் கண் இல்லை. பெண்ணும் இல்லை.
உச்சி வெயிலில் நீளக்கைச் சட்டை, அவ்வளவுதான்.
முதலில் ஒட்டுப்பால் மூட்டை போனது.
பிறகு சுவர்க்கடிகாரம்.
பிறகு என் தையல் மிஷினின் தலை மட்டும்.
காலை விட்டுவிட்டுப் போயிருந்தான், கனம்.
அதன்மேல் பலகை போட்டு
இப்போதும் காய் நறுக்குகிறேன்.

அந்த வருசம் சர்க்கார் போட்ட போஸ்டர் வேறு:
தூக்குக்கயிறு, நாலு மொழி, ஒரே சேதி.
போலீஸ் நிலையத்தில் ஒட்ட ஆள் தேடினார்கள்.
சன்னாசிதான் ஒட்டினான்,
மணிக்கட்டு வரை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.
பசையை நன்றாகத்தான் காய்ச்சியிருந்தான்.
மழைக்காலம் முழுக்க
அந்தக் கயிறு உரியவே இல்லை.

இது எப்படி மிஞ்சியது என்கிறான்.
லயத்து வீட்டுப் பலகைச் சுவரில் விரிசல்.
அம்மா இதை ஆணியடித்து மறைத்தாள்,
வெட்கப்பட்டு, பெண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பி.
எங்களுக்கு வெள்ளைப் பின்பக்கம்.
அதில் பென்சிலால் கூட்டுப்பணக் கணக்கு.
கடைசி வரி: சன்னாசி, பன்னிரண்டு வெள்ளி.
தந்தானா என்று குறிப்பில்லை.

எழுத்து இருந்தால் விலை குறையும் என்கிறான்.
அழித்துக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்களாம்.
ஆயிரத்து எண்ணூறு தருகிறான்.
முன்பக்கத்தை நாலு கோணத்தில் படமெடுக்கிறான்.

உலை கொதிக்கிறது.
பார்க்கலாம் தம்பி என்று சொல்லி மடிக்கிறேன்,
பழைய மடிப்பிலேயே,
இரண்டாக, நாலாக.
'ஐயோ மடிக்காதீங்க' என்று
கையுறையோடு எழுந்து வருகிறான்.